அத்தானின் ஹீமோகுளோபின்

ஜூன் 6, செவ்வாய்

அத்தானுக்கு இன்று ஹீமோகுளோபின் 8.1. போன மாதம் 7.4. ஏறுகிறது. ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு மாட்டு வண்டியில் போகிற மாதிரி இருக்கிறது.

டாக்டர் காஜா வாரத்துக்கு இரண்டு ஊசியை மூன்றாக்கிவிட்டார். டயாலிசிஸுக்குத் திருநெல்வேலி போகிற செவ்வாயும் வெள்ளியும் இதுவரை ரெஜினா சிஸ்டரே அங்கே போட்டுவிடுவார். மூன்றாவது ஊசிக்காக இன்னொரு நாள் அறுபது கிலோமீட்டர் பஸ்ஸில் அத்தானை உருட்டிக்கொண்டு போக என்னால் ஆகாது. "மூணையும் நானே வீட்டுல வச்சுப் போட்டுடுதேன் சிஸ்டர்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போடுங்க தம்பி. பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு மட்டும் ஒரு தரம் படிச்சுக்கோங்க."

டிப்ளமோ முடித்து நான்கு வருஷமாக லேபில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு எழுபது பேர் கையில் ஊசி குத்துகிறவன். என்னிடம் பெட்டியைப் படி என்கிறார்கள். சிரித்துவைத்தேன்.

அக்கா இதை 'ரத்த ஊசி' என்கிறாள். அதில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. அதில் இருப்பது உத்தரவு. சிவப்பணு உற்பத்தியாகிற இடம் எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜை. ஆனால் மஜ்ஜை தானாக வேகமெடுக்காது. அரசாங்க ஆபீஸ் மாதிரி மேலிடத்துத் தாள் வந்தால்தான் அசையும். மேலிடம் கிட்னி. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறதா என்று மோப்பம் பிடித்து, குறைந்தால் எரித்ரோபாய்ட்டின் என்கிற ஹார்மோனை அனுப்பும். மஜ்ஜையில் இருக்கிற தாய் அணு அதை வாங்கிக்கொண்டு, பிரிந்து பிரிந்து பெருகி, இரும்பை அள்ளி ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்டு, கடைசியில் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிட்டு, ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் குதிக்கும். நல்ல உடம்பில் நொடிக்கு இருபது லட்சம். ஒவ்வொன்றும் நூற்றிருபது நாள் ஓடிவிட்டுச் சாகும். அத்தானின் கிட்னி இரண்டும் சுருங்கிவிட்டன. உத்தரவு போட ஆளில்லை. தொழிற்சாலை பூட்டாமலே சும்மா கிடக்கிறது. அந்த உத்தரவைத்தான் குப்பியில் வாங்கித் தோலுக்கடியில் ஏற்றுகிறோம்.

இதை அத்தானிடம் பத்து நிமிஷம் விளக்கினேன். அவர் இருபத்தைந்து வருஷமாக மைக்செட் வைத்திருப்பவர்.

"அப்பம் ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. ஆம்ப்ளிபயர்தான் அவுட்டு. அதான மாப்ளே?"

எரிச்சலாக வந்தது. சரியாகச் சொன்னால் இன்னும் எரிச்சல் வருகிறது.

ஒன்றை இங்கே எழுதிவைக்கிறேன், வீட்டில் யார் தலையிலும் ஏறுவதில்லை. செப்டம்பரில் அக்கா தன் கிட்னி ஒன்றை அத்தானுக்குக் கொடுக்கிறாள். அதுவரை அத்தானுக்கு வெளி ரத்தம் ஏற்றவே கூடாது. ஏற்றினால் அவர் உடம்பு அந்நிய அணுக்களைப் பார்த்து ஆயுதம் செய்து வைத்துக்கொள்ளும். நாளைக்கு அக்காவின் கிட்னியைப் பார்த்ததும் அதே ஆயுதத்தைத் தூக்கலாம். தூக்கினால் ஆபரேஷன் இல்லை. நமக்கு வேறு கிட்னியும் இல்லை. ஆகவே ரத்தம் உள்ளேயிருந்துதான் ஊற வேண்டும். அதற்கு இந்த ஊசிதான் வழி.

ஜூன் 7, புதன்

முதல் ஊசி. இனி திங்கள், புதன், சனி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, பதினைந்து தரம் நன்றாகக் குலுக்கி, நுரை அடங்க இரண்டு நிமிஷம் விட்டு, சிரிஞ்சில் இழுத்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் போட்டேன். லேபில் ஃப்ரிட்ஜிலிருந்து வருகிற ரீஏஜெண்ட் திரவத்தைக் குலுக்காமல் மெஷினில் வைத்தால் ரீடிங் கோணிக்கொள்ளும். கைக்கே பழகிவிட்டது.

"ரெஜினா சிஸ்டர் போட்டா கட்டெறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். நீ போட்டா தெரியவே இல்ல மாப்ளே" என்றார் அத்தான்.

தெரியாது. அதுதான் தொழில்.

ஜூன் 11, ஞாயிறு

பெரியத்தான் வந்தார். அத்தானுக்கு உடன்பிறந்த அண்ணன், பொன்பாண்டி. கையில் வாழையிலைப் பொட்டலம். அதை அக்காவிடம் நீட்டினார்.

"சுவரொட்டி. ரெண்டு ஆட்டுல எடுத்தது. ஏ கனி, மிளகு தூவி வதக்கிக் குடு. பத்து நாள்ல ரத்தம் ஊறிரும்."

"ஊறுதுக்கு அது என்ன புளியா?" என்றேன்.

"நாலு எழுத்துப் படிச்சிட்டா நீ எங்களுக்குச் சொல்லிக் குடுக்க வந்துட்ட."

அண்ணனிடம் கிட்னி கேட்டார்கள். ஆட்டு மண்ணீரலைக் கொண்டுவந்திருக்கிறார். உறுப்பு தானம்தான், கொஞ்சம் இனம் மாறிவிட்டது. கிட்னிப் பேச்செடுத்த மறுநாளே இவருக்குச் சுகர் வந்தது. அதற்கு முந்தின வாரம் இவர் ரத்தத்தைப் பார்த்தவன் நான். வெறும் வயிற்றில் 96. ஒரு வாரத்தில் அவ்வளவு சர்க்கரை எந்த ஆலையிலிருந்து வந்ததோ.

கூடவே மாதுளை, பேரீச்சம்பழம், பீட்ரூட். எல்லாம் பொட்டாசிய மூட்டை. கிட்னி போனவன் இதைத் தின்றால் ரத்தம் ஊறாது, இருதயம் நிற்கும். சொன்னால் யாருக்குப் புரிகிறது? மொத்தத்தையும் லேபுக்குக் கொண்டுபோய் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துவிடுவேன்.

போகும்போது பெரியத்தான் வாசலில் நின்று, "ஏன் மாப்ள, ஒனக்கு என்ன குரூப்பு?" என்றார்.

ஓ பாசிட்டிவ். கிட்னி என்றால் யாருக்கும் சேரும். ஆனால் பெண்டாட்டியின் தம்பி சட்டப்படி நெருங்கிய உறவில்லை. கிட்னி மாற்றக் கமிட்டி ஆயிரம் கேள்வி கேட்கும். அந்தச் சட்டத்தை நான் போடவில்லை.

ஜூன் 20, செவ்வாய்

7.6.

இறங்கியிருக்கிறது. மூன்று ஊசியாக்கிய பிறகு இறங்குகிறது என்றால் வீட்டில் யாரோ திருட்டுத்தனம் பண்ணுகிறார்கள். தேடினேன். பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் பதினொரு இரும்பு மாத்திரை.

"அது போட்டா வயிறு கருங்கல்லாயிருது மாப்ளே."

"ஆர்டர் வந்தா போதுமா? சரக்கு வேண்டாமா? இரும்பு இல்லாம ஹீமோகுளோபின் எதை வச்சுக் கட்டும்?"

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். நாற்பத்தாறு வயது ஆள், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. டாக்டரிடம் போட்டுக்கொடுத்துவிட்டேன். இனி டயாலிசிஸ் ஓடும்போதே இரும்பை நரம்பில் ஏற்றிவிடுவார்கள். அந்த ஓட்டை அடைத்தாயிற்று.

ஜூன் 21, புதன்

நான் கத்துவது தெருமுனைவரை கேட்கிறதாம். அக்கா சொல்கிறாள். மைக்செட் வீடுதானே.

ஜூலை 1, சனி

காலையில் அத்தானிடம் இரண்டு மில்லி எடுத்து லேபுக்குக் கொண்டுபோனேன். ரெட்டிகுலோசைட் எண்ணினேன். மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த இளசு அணு அது. நீலச் சாயம் போட்டால் உள்ளே வலை மாதிரித் தெரியும். ஒரு நாள் போனால் வலை கரைந்துவிடும். ஆகவே இன்றைக்கு எத்தனை இருக்கிறதோ அதுதான் இன்றைய உற்பத்தி. ஆயிரம் அணு எண்ணியதில் நான்கு.

நான்கு! கடையடைப்பு அன்றைக்கே எங்கள் ஊரில் இதைவிட அதிகம் தீப்பெட்டி ஒட்டுவார்கள்.

ரத்தம் வெளியே எங்கேயும் போகவில்லை, அதையும் பார்த்துவிட்டேன். இரும்பு இருக்கிறது. மஜ்ஜை இருக்கிறது. ஊசி போடுகிறேன். ஆனாலும் உத்தரவு போய்ச் சேரவில்லை. மருந்திலேயே கோளாறு. வேறென்ன?

ஜூலை 4, செவ்வாய்

7.0. டாக்டர் அளவை இரட்டிப்பாக்கினார். "சில பேருக்கு இந்த ஊசி எடுபடாது" என்றார். எடுபடாதா? ரெஜினா சிஸ்டர் போட்டவரை எடுபட்டதே என்று ஒரு கணம் தோன்றியது. அப்போது கடையில் நல்ல சரக்கு வந்திருக்கும்.

நேரே மெடிக்கல் அண்ணாச்சி கடைக்குப் போனேன். கடையில் ஏழெட்டுப் பேர்.

"அண்ணாச்சி, கரண்டு போனா ஊசியெல்லாம் வெயில்லதான காயும்?"

"என்ன தம்பி இப்பிடிக் கேக்க?"

"எங்க அத்தானுக்கு ஏறல. நீங்க குடுக்கது செத்த மருந்து."

அவர் உள்ளே கூப்பிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். தெர்மாமீட்டர் நான்கு டிகிரி. கதவில் தாள், காலை, மாலை தேதி போட்டு எழுதியிருக்கிறது. இன்வெர்ட்டர் வேறு. "வேற கடையில வேணாலும் வாங்கிப் பாருங்க தம்பி" என்றார். தாளில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாளையிலிருந்து வேறு கடை.

ஜூலை 8, சனி

வேறு கடை மருந்தும் வந்தாயிற்று. அடுத்து எங்கள் ஃப்ரிட்ஜ். புதன்கிழமையே லேபிலிருந்து தெர்மாமீட்டர் கொண்டுவந்து உள்ளே வைத்தேன். ஐந்து டிகிரி. ஆனாலும் அக்கா அதைச் சும்மா சும்மா திறக்கிறாள். மாவு, பால், பூ எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைத்தேன். இனி அந்தத் தட்டில் ஊசி மட்டும்தான்.

"ஏல சேர்மா, இந்த வெயிலுக்கு மாவு புளிச்சுப் பொங்கிருமே."

"புளிக்கட்டும். ஒனக்கு மாவு முக்கியமா, அத்தான் முக்கியமா?"

மூன்று நாளாக இட்லி புளிக்கிறது. அக்கா அதையே சாப்பிட்டுக்கொள்கிறாள். எங்கள் இருவருக்கும் தினம் புதிதாகச் சோறு வடிக்கிறாள்.

ஊசியை இப்போது இன்னும் கவனமாகப் போடுகிறேன். இருபது தரம் குலுக்குகிறேன்.

ஜூலை 18, செவ்வாய்

6.3.

மாடிப்படி ஐந்தாவதில் அத்தான் உட்கார்ந்துவிட்டார். "மைக் டெஸ்டிங்" என்று சொல்லக்கூட மூச்சுப் போதவில்லை; 'மைக்' என்று நிறுத்தி, 'டெஸ்டிங்' என்பதற்குத் தனியாக மூச்சு வாங்குகிறார். கல்யாண ஆர்டர் இரண்டைத் திருப்பி அனுப்பியாயிற்று.

டாக்டர் காஜா சுற்றி வளைக்கவில்லை. "திங்கக்கிழமை அட்மிட் பண்ணுங்க. ஊசி இவருக்கு வேலை செய்யல. ஆறுக்குக் கீழே போனா இருதயம் தாங்காது. ரெண்டு யூனிட் ஏத்தியே ஆகணும். இடுப்பெலும்புல குத்தி மஜ்ஜையையும் ஒரு தரம் பார்த்துருவோம்."

"ரத்தம் ஏத்தினா ஆபரேஷன் சார்?" என்றாள் அக்கா.

"அப்புறம் மறுபடியும் உங்க ரெண்டு பேர் ரத்தத்தையும் சேர்த்துவச்சுப் பார்க்கணும்மா. ஒத்துப்போனா பண்ணலாம். பகைச்சுக்கிட்டா..." என்றார் டாக்டர்.

பஸ்ஸில் கயத்தாறு தாண்டியதும் அக்கா, "நம்ம என்னல தப்பு பண்ணினோம்?" என்றாள்.

நாம் ஒரு தப்பும் பண்ணவில்லை என்றேன். அத்தான் உடம்பு அப்படி.

ஜூலை 21, வெள்ளி

நாளை ஒரு பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க ரத்தப் பரிசோதனை கேம்ப். ஆகவே சனிக்கிழமை ஊசியை இன்றே போட்டுவிடலாம் என்று ஐஸ் ஃபிளாஸ்கில் வைத்து டயாலிசிஸுக்கே கொண்டுபோனேன். ஆறு நாற்காலியிலும் ஆள். அத்தான் மெஷினில் கண்ணை மூடிக் கிடந்தார். குப்பியை எடுத்துக் குலுக்கினேன்.

"ஐயோ தம்பி! என்ன செய்றீங்க?"

ரெஜினா சிஸ்டர் கையிலிருந்த ஃபைலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஊசி எடுக்கேன்."

"குலுக்குறீங்க!"

"நல்லாக் கலக்கணும்லா?"

"கலக்குறதுக்கு அதுல என்ன இருக்கு? ஆண்டவரே... எத்தனை நாளா இப்பிடி?"

நான்காவது நாற்காலியிலிருந்த ரிட்டயர்டு கண்டக்டர், "ரோஸ் மில்க் போடுதாரு போல" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். சிஸ்டர் பெட்டியை எடுத்து என் கண்ணுக்கு நேரே பிடித்தார். குலுக்காதே என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது, நான் எப்போதும் கிழித்துத் திறக்கிற பக்கத்தில்.

அவரே ஸ்டாக்கிலிருந்து வேறு குப்பி எடுத்தார். பூவை எடுக்கிற மாதிரி எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் போட்டார். அத்தான் "ஸ்ஸ்" என்றார், கண்ணைத் திறக்கவில்லை.

சிஸ்டர் என்னை ஓரமாகக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார்: "ஊசி வேலை செய்யலன்னு நெனச்சுத்தான் டாக்டர் ரத்தம் ஏத்தப் போறார். அவரு சென்னை போயிருக்கார், திங்கக்கிழமை காலையிலதான் வருவார். திங்கக்கிழமை எனக்கு லீவு. இன்னிக்கே போன் போட்டு நீங்களே சொல்லிருங்க தம்பி. நான் சொன்னா அது கோள். நீங்க சொன்னா அது வைத்தியம்."

சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 22, சனி

கேம்ப். நூற்றுப் பதினெட்டுப் பேர். இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 23, ஞாயிறு

புரதம் என்பது நூலை ஒரு குறிப்பிட்ட விதமாக மடித்துவைத்தது. அந்த மடிப்பில்தான் அதன் வேலையே இருக்கிறது. பலமாகக் குலுக்கினால் நுரைக்கும். நுரையில் காற்றுப் பட்ட இடத்தில் மடிப்பு பிரியும். பிரிந்தது பழையபடி மடியாது. உத்தரவு இருக்கும், எழுத்து அழிந்திருக்கும். இது எனக்குத் தெரியும். இரண்டாவது செமஸ்டரில் எழுதி எட்டுக்கு ஏழு வாங்கியிருக்கிறேன்.

பத்தொன்பது ஊசி.

டாக்டருக்கு வெள்ளிக்கிழமை ஒருமுறை போன் போட்டேன், எடுக்கவில்லை. கூட்டத்தில் இருப்பார். நேற்று கேம்ப். இன்று ஞாயிறு, ஞாயிற்றுக்கிழமை ஒரு டாக்டரைத் தொந்தரவு செய்வது நாகரிகமில்லை. அக்காவிடம் சொல்லலாம் என்று சமையலறைக்குப் போனேன். அவள் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற பையில் துண்டு, டம்ளர், போர்வை எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தாள். "என்னல?" என்றாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கொஞ்சம் ரத்தம் ஏற்றினால் எல்லாருக்கும் பகை வந்துவிடுவதில்லை. சதவீதம் குறைவுதான். புத்தகத்தில் இருக்கிறது. மூன்று தரம் எடுத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் அதே சதவீதம்தான் இருக்கிறது.

ஜூலை 24, திங்கள்

5.9.

காலையில் வார்டுக்குப் போனால் பெரியத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் கை மடிப்பில் பஞ்சோடு நிற்கிறார். தம்பிக்கு ஏற்றுகிற ரத்தத்துக்கு ஈடாக ரத்த வங்கியில் ஒரு யூனிட் கொடுத்திருக்கிறார். சுகர்காரர். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "என்னால முடிஞ்சது இதான்" என்று பக்கத்துக் கட்டிலுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்டாண்டில் பை தொங்கியது. நர்ஸ் குழாயைச் சொருகிவிட்டாள். உருளையைத் தள்ளித் திறக்க வேண்டியதுதான் பாக்கி. அத்தான் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க சிஸ்டர்."

"என்னல?" என்றாள் அக்கா.

"ரத்தம் வேண்டாம். ஊசி வேலை செய்யலன்னு இல்ல. ஊசியே உள்ள போகல. நான் கெடுத்துட்டேன்."

பெரியத்தான், "இவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டா? நான் ரத்தம் குடுத்திருக்கேன்ல" என்று கத்த ஆரம்பித்தார். நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டாக்டர் காஜா வந்து எதிரே நின்றார்.

"எத்தனை ஊசி?"

"பத்தொன்பது சார்."

"எல்லாத்தையும் குலுக்கினியா?"

"ஆமா சார்."

"லேசாவா, பலமாவா?"

"நுரை வார அளவுக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னிக்கு மத்தியானம் இவர் இடுப்பெலும்புல ஓட்டை போட்டிருப்பேன். மஜ்ஜையில என்ன வியாதின்னு தேடியிருப்பேன். நீ என்ன வேலை பாக்குற?"

"லேப் டெக்னீஷியன் சார்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

அத்தானுக்கு நெஞ்சில் வலி இருக்கிறதா என்று கேட்டார், ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார், ஆக்சிஜன் மாட்டச் சொன்னார். "ஒரு வாரம் வார்டிலேயே இருக்கட்டும். ஊசியை நம்ம சிஸ்டர் போடுவாங்க. இளசு அணு ஏறுதான்னு பார்ப்போம். நடுவுல நெஞ்சு வலிச்சாலோ மூச்சு திணறினாலோ யாரையும் கேக்க மாட்டேன், ஏத்திருவேன்." பிறகு கேஸ் ஷீட்டை என் பக்கம் தள்ளினார். "நீயே எழுது. இல்லேன்னா அடுத்து பார்க்கிற டாக்டரும் இவருக்கு ஊசி எடுபடாதுன்னுதான் நெனைப்பார்."

எழுதினேன். நோயாளியின் மைத்துனர் மருந்தைக் குலுக்கியதால் பத்தொன்பது ஊசிகள் வீணாயின. கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன்.

பையைக் கழற்றி எடுத்துப் போனார்கள். பெரியத்தான் அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனார்.

வராந்தாவில் அக்கா பிடித்துக்கொண்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஒரு மாசமா அந்த மனுசன நாய விரட்டுத மாதிரி விரட்டின. அண்ணாச்சி கடையில போயி நாலு பேரு மத்தியில அசிங்கப்படுத்தின. வெள்ளிக்கிழமையே ஒனக்குத் தெரியும். சனி, ஞாயிறு ரெண்டு நாள் என் முகத்தப் பாத்துக்கிட்டே இருந்திருக்க."

"அக்கா, நான்..."

"நீயும் ஓ பாசிட்டிவ்தான். ஒருநாளாவது ஒன்கிட்ட நான் கேட்டேனா?"

"சட்டப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"போ. போயி அவருக்கு வெந்நி வாங்கிட்டு வா."

வாங்கிக்கொண்டு வந்தேன். அத்தான் முகமூடியை விலக்கிவிட்டுக் கேட்டார்: "அப்பம் ஆறு வாரமா நீ எனக்குப் போட்டது?"

"வெறும் தண்ணி மாதிரிதான் அத்தான்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அதான் வலிக்கவே இல்ல."

ஜூலை 25, செவ்வாய்

மெடிக்கல் அண்ணாச்சி கடைக்குப் போனேன். கூட்டம் குறையட்டும் என்று எதிர்ப்பக்கம் நின்றேன். குறையவில்லை. கூட்டத்திலேயே சொன்னேன்.

"சாரி அண்ணாச்சி. உங்க மருந்து சரியாத்தான் இருந்துது."

"அது எனக்குத் தெரியுமே தம்பி" என்றார். "அடுத்த ஆளு, சீட்டக் குடுங்க."

ஆகஸ்ட் 1, செவ்வாய்

இந்த வாரத்தில் அத்தானுக்கு ஒரு தடவை மூச்சு முட்டியது. மறுபடி பை கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். பொட்டலத்திலிருந்த சோற்றை அவசரமாக விழுங்கியதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பத்து நிமிஷம் எப்படிப் போனது என்று எழுத விரும்பவில்லை.

இன்று ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை. ஆஸ்பத்திரி லேபில் ஒரு சின்னப் பெண்தான் எண்ணினாள். எண்ணெய் விட்டாள், லென்ஸைத் திருப்பினாள், ஒவ்வொரு வட்டமாக நகர்த்தினாள். நான் பின்னால் நின்று கழுத்தை நீட்டினேன்.

"எத்தனை வந்திருக்கு?"

"அண்ணே, தள்ளி நில்லுங்க. பேசினா எண்ணிக்கை விட்டுரும்."

நின்றேன். ஆயிரம் எண்ணப் பதினாறு நிமிஷம். நானென்றால் ஆறு நிமிஷத்தில் முடித்திருப்பேன். முடித்துவிட்டு அவள் என்னை ஒருமுறை பார்க்கவிட்டாள். வட்டத்துக்குள் சாதாரண அணுக்கள் நடுவே அங்கங்கே நீல வலை. புதுசு. நேற்றுவரை எலும்புக்குள் இருந்தவை.

முப்பத்திரண்டு.

ஹீமோகுளோபின் 6.2தான். ஆனால் தொழிற்சாலை ஓடுகிறது. டாக்டர், "ரத்தம் வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஊசி யாரு போடுவா?" என்றார்.

"நான் சார்" என்றாள் அக்கா. ரெஜினா சிஸ்டரிடம் மூன்று நாளாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12, சனி

அக்கா ஊசி போடும்போது நான் அறைக்குள் இருக்கக் கூடாதாம். வெளியே நிற்கிறேன். அத்தான் கத்துகிறார். நல்ல அறிகுறி.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

அத்தான் 8.3. மேலே கீழே பார்க்காமல் நேராக ஏறுகிறது. இதே போக்கில் போனால் அடுத்த மாதம் பத்து. ஆபரேஷனுக்கு அது போதும். கமிட்டியும் கையெழுத்துப் போட்டுவிட்டது. "கட்டாயப்படுத்தினாங்களா?" என்று அக்காவைத் தனியாக வைத்துக் கேட்டார்களாம். "யாரும் கேக்கவே இல்ல, அப்புறம் எங்க கட்டாயம்" என்றாளாம்.

இன்று கொடுக்கிறவருக்குக் கடைசிப் பரிசோதனை. அக்காவின் ரத்தமும் மெஷினுக்குப் போனது. ஏப்ரலில் எல்லாச் சோதனையும் முடித்தபோது 11.8. இன்று மெஷின் 9.2 என்றது. தப்பு என்று மறுபடி ஓட்டினார்கள். 9.2.

டாக்டர் காஜா அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். கடுதாசி வெள்ளை. "தலை சுத்துதா?"

"வெயிலு சார்."

"படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"எல்லாருக்கும் வாங்கத்தான செய்யும்?"

"அரிசி திம்பீங்களா? பச்சை அரிசி?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "அளக்கும்போது ரெண்டு வாயில போட்டுக்கிடுவேன்."

பாடத்தில் இருக்கிறது. இரும்பு தீர்ந்துபோன உடம்பு அரிசி கேட்கும், மண் கேட்கும், ஐஸ் கேட்கும். மார்ச் கடைசியிலிருந்தே தின்கிறாளாம். நான் பார்த்திருக்கிறேன். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் நின்று மென்றுகொண்டிருப்பாள். என்ன ஆடு மாதிரி என்று கேட்டிருக்கிறேன்.

ஆபரேஷன் ஒரு மாதம் தள்ளிப்போகிறது. "ஒருத்தரைத் தேத்துறதுக்கு இன்னொருத்தரைப் படுக்கவைக்க முடியாது" என்றார் டாக்டர். மாத மாதம் உதிரப்போக்கு எப்படி என்று அவர் அக்காவிடம் கேட்க வேண்டியிருந்தது. என்னை வெளியே போகச் சொன்னார்.

இந்த மூன்று மாதத்தில் எங்கள் வீட்டில் எத்தனை முறை ஹீமோகுளோபின் பார்த்தேன் என்று கூட்டிப் பார்த்தேன். பதினாறு. பதினாறும் ஒரே ஆளுக்கு.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

மத்தியானம். நான்தான் சமைத்தேன். ஈரல் வறுவல், முருங்கைக்கீரை, முட்டை. வறுவல் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. அத்தானுக்கு அவருடைய பத்தியச் சோறு தனி. அக்கா வழக்கம்போல் கரண்டியை எடுத்து எங்களுக்குப் பரிமாற வந்தாள். அத்தான் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஒக்காருடி."

"நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க. நான் அப்புறமா..."

"அந்த அப்புறந்தான் ஒன்பது புள்ளி ரெண்டு" என்றேன்.

உட்கார்ந்தாள். இலையில் எல்லாவற்றையும் வைத்தேன். இரும்பு மாத்திரையையும் எலுமிச்சைச் சாற்றையும் பக்கத்தில் வைத்தேன். மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு ஊசி எதுவும் கிடையாதா?"

"கிடையாது. ஒன் கிட்னி ரெண்டும் ஜோரா ஆர்டர் போடுது. மஜ்ஜையும் ரெடியா இருக்கு. சரக்குதான் போகல."

"அப்பம் நான் என்ன செய்யணும்?"

"சாப்பிடணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதச் சொல்லதுக்கா ரெண்டு வருசம் மெட்ராஸ்ல போயிப் படிச்ச?"

அத்தான் சிரித்தார். நடுவில் மூச்சு வாங்காமல் முழுதாகச் சிரித்தார். அக்கா முதல் கவளத்தை எடுத்தாள். நான் இந்தப் பக்கம், அத்தான் அந்தப் பக்கம். கவளம் வாய்க்கு வெளியே நின்றது.

"இப்பிடி ரெண்டு பேரும் வாயையே பாத்துக்கிட்டிருந்தா எனக்கு எப்பிடி எறங்கும்? அங்கிட்டுத் திரும்புங்க."

திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் பின்னால் மெல்லுகிற சத்தம் கேட்டது.